வறுத்த மாவு

ஓவனைத் தொடாமலேயே கேக் உருண்டை செய்யலாம் என்பது உண்மைதான். மைதா, கோகோ, வெண்ணெய், டின் பால். பிசைந்து உருட்டிக் குளிர்பெட்டியில் வைத்தால் வெண்ணெய் இறுகி எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளும். விடுமுறை நாளில் வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது அது வசதிதான்.

ஒரே ஒரு விஷயம், மைதாவை முதலில் வறுக்க வேண்டும். பார்க்க வெள்ளையாக இருப்பதால் மாவைப் பச்சைப் பொருளாக யாரும் நினைப்பதில்லை. வயலில் எந்த மாடு சாணி போட்டதோ, கிடங்கில் எந்த எலி ஓடியதோ, அதெல்லாம் அதில் இருக்கும். சூடு பட்டால்தான் கிருமி சாகும். இதை என் ஓர்ப்படிக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். கொழுந்தனாரின் மனைவி, என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். மாவை முன்கூட்டியே வறுத்து ஆறவைத்து ஜாடியில் போட்டுவிடுவாள். அந்த விஷயத்தில் அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

மற்றதெல்லாம் எனக்குக் குமட்டும். உருட்டுவாள், விரலை நக்குவாள், மறுபடி உருட்டுவாள். டின் பால் முழங்கை வரை வழியும். பிள்ளைகள் மூக்கைத் துடைத்த கையைத் தட்டில் விடுவார்கள். மேசையைச் சுற்றி ஈரமாகச் சப்புக்கொட்டும் சத்தம். பக்கத்தில் என் கேக் வெட்டாமலே இருக்கும். வெள்ளைக்கருவை ஏன் தனியாக அடிக்கிறோம் தெரியுமா? அதில் சிக்கும் காற்றுதான் கேக்கைத் தூக்கி நிறுத்துகிறது. நான் இதை விளக்கிக்கொண்டிருந்தபோது மாமியார் உருண்டையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு சொன்னார்:

"நீ பாடம் நடத்தி முடிக்கறதுக்குள்ள அவ ஊருக்கே போட்டுடுவா."

"போங்க அத்தை, அக்கா கேக்குக்கு முன்னாடி இதெல்லாம் வெறும் மண்ணு."

"அப்ப நாங்க மண்ணையே தின்னுக்கறோம், விடு" என்றார் கொழுந்தனார்.

எல்லாரும் சிரித்தார்கள். பல்லெல்லாம் கோகோ.

குறுக்குவழி ஆபத்தானது என்று ஒருமுறை காட்டிவிட்டால் போதும் என்று தோன்றியது. நாலு பேருக்கு வயிறு கலங்கும், அப்புறம் அந்தத் தட்டை யாரும் தொட மாட்டார்கள்.

சாமான் அறையில் எலி கடித்த மைதாப் பை ஒன்று இருந்தது. சலித்தேன். சல்லடையில் நின்ற புழுக்கைகளைக் கொட்டிவிட்டேன். கீழே விழுந்தது நல்ல வெள்ளை. வறுத்த மாவோ சற்றுப் பழுப்பாக, மணமாக இருக்கும். அதனால் ஜாடியின் அடியில் பை மாவு, மேலே மூடினாற்போல் அவளுடைய மாவு. அவள் ஜாடியைக் கோகோவின் மேல் அப்படியே கவிழ்த்துக் கலப்பவள். உற்றுப் பார்க்கும் பழக்கம் அவளுக்குக் கிடையாது.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு" என்று வாயருகே கொண்டுவந்தாள். வயிறு சரியில்லை என்றேன். என் மகனை நீச்சல் குளத்துக்கு அனுப்பியிருந்தேன். அவளுடைய மகள், எங்கள் பொடிசு, என் மடியில் உட்கார்ந்துதான் தின்றது. வாயைத் துடைத்துவிட்டேன்.

பெரியவர்களுக்கு நான் நினைத்தபடியே வயிற்றுப்போக்கு வந்து, போய்விட்டது. சிறு குழந்தைகளுக்கு அப்படியில்லை. கிருமியின் நஞ்சு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தின் நுண்குழாய்களை அடைத்துவிடும். பொடிசு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரவில்லை.

அங்கே ஓர்ப்படி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "நான் வறுத்தேன்தானே அக்கா? வாசனை வந்துச்சே?"

"நல்லா யோசிச்சுப் பாரு" என்றேன்.

அவள் யோசித்தாள். யோசிக்க யோசிக்க வாசனை மறந்துபோயிற்று. வறுக்காமல் விட்டது தான்தான் என்று இப்போது இந்த போலீஸ் ஸ்டேஷனில் உங்களிடமே சொல்லியிருக்கிறாளாம். கொழுந்தனார் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை. மாமியார் மட்டும் அவளை மடியில் சாய்த்து, "மறதி யாருக்குத்தான் இல்ல" என்று தடவிக்கொடுக்கிறார். மறதியாம். தப்பான விளக்கம் ஒன்று நிலைத்துவிடுவதை என்னால் பொறுக்க முடியாது, அதனால்தான் வந்தேன். அவள் மாவைச் சரியாகவே வறுத்திருந்தாள். தெரிந்தே மாற்றியது நான். குழந்தை கை நீட்டியபோது தட்டை அதன் பக்கம் நகர்த்தியதும் நான்தான்.

இதை அவளிடம் நீங்கள் சொல்லும்போது என்னையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவளுக்கு எதையும் மெதுவாக, புரியும்படி எடுத்துச்சொல்ல வேண்டும். அந்த வீட்டில் அவளுக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?