பதினேழாவது போர்ட்

உட்காரச் சொன்னதற்கு நன்றி, இன்ஸ்பெக்டர் சார். காலையிலிருந்து நின்றதில் கால் கடுத்துவிட்டது.

மாற்றத்தைச் சேமிக்க மறந்துவிட்டேன் என்று உங்கள் அறிக்கையில் இருக்கிறது. அதைத் திருத்திவிடுங்கள். பதினொரு வருடத்தில் நான் எதையும் மறந்ததில்லை.

எங்கள் தொழிற்சாலையில் தீ அறிவிப்பு ஓரிடத்தில் கிளம்பி எல்லா ஸ்பீக்கருக்கும் ஒரே நேரத்தில் போகும். மல்டிகாஸ்ட் என்போம். எந்தெந்த போர்ட்டுக்கு, அதாவது எந்த அறையின் இணைப்புக்கு, போகவேண்டும் என்று நெட்வொர்க் ஸ்விட்சில் நான்தான் கையால் எழுதிவைப்பேன். பட்டியலில் இல்லாத போர்ட்டுக்கு முணுமுணுப்புகூடப் போகாது. பதினேழு, பெயின்ட் அறை. அங்கே மேஸ்திரி என் தங்கையின் புருஷன். "என்ன மச்சான், உங்க பொட்டி உயிரோட இருக்கா?" என்று ஸ்பீக்கரைக் காட்டிச் சிரிப்பார். நானும் சிரிப்பேன்.

போன கோடையில், கொளுத்தும் வெயிலில், தங்கை முழுக்கைச் சட்டையோடு வந்தாள்.

"கதவுல இடிச்சுக்கிட்டேண்ணா."

மறுநாள் பதினேழைப் பட்டியலிலிருந்து எடுத்துச் சேமித்தேன். தீ வைக்கவில்லை சார். பெயின்ட்டும் தின்னரும் இருக்கிற இடத்தில் அது தானாக வரும். காத்திருந்தால் போதும்.

மாதாமாதம் தீயணைப்புப் பயிற்சி உண்டு. அன்று காலை பதினேழைச் சேர்ப்பேன், சேமிக்கமாட்டேன். ஸ்பீக்கர் ஒழுங்காக அலறும், பாதுகாப்பு அதிகாரி கையெழுத்துப் போடுவார். பிறகு ஸ்விட்சை ஒருமுறை அணைத்துப் போட்டால், சேமிக்காததை அது மறந்துவிடும்.

செவ்வாய்க்கிழமை பக்கத்துக் கிடங்கில் பற்றியது. அறிவிப்பைக் கேட்டு மற்ற எல்லோரும் ஓடிவந்துவிட்டார்கள். பெயின்ட் அறையில் மின்விசிறி இரைச்சலில் வேறெதுவும் கேட்காது. உள்ளே மூன்று பேர்; ஒருவரும் உயிரோடு வெளியே வரவில்லை. மற்ற இருவரோடு எனக்குப் பழக்கமில்லை. ஒருவர் மட்டும் டீ நேரத்தில் நகர்ந்து எனக்கு இடம்விடுவார்.

இன்னொன்றும் எழுதிக்கொள்ளுங்கள். மூன்று வாரம் முன்பு தங்கை போன் செய்தாள்.

"அண்ணா, அவரு குடிய விட்டு ஆறு மாசமாச்சு. இப்பல்லாம் கை நீட்டுறதே இல்ல. நான் நல்லா இருக்கேண்ணா."

"சந்தோஷம்மா" என்றேன்.

அன்று பயிற்சி நாள். பதினேழு பட்டியலில் இருந்தது. ஒரு வரி தட்டிச் சேமித்திருந்தால் அப்படியே நின்றிருக்கும். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு வழக்கம்போல ஸ்விட்சை அணைத்துப் போட்டேன்.

அவள் என்னைப் பார்க்க வரமாட்டேன் என்றுவிட்டாளாம். நீங்களாவது அவளிடம் எடுத்துச் சொல்லுங்கள் சார். எல்லாம் அவளுக்காகத்தான் செய்தேன்.