பேர் வெட்டிய டிபன் பாக்ஸ்

கம்பத்திலிருந்து தேனி போகும் பேருந்து உத்தமபாளையம் தாண்டியதும், எனக்கு முன் இருக்கையில் இருந்த பெண் பக்கத்திலிருந்த கணவரிடம் கேட்டார்:

“செய்வினை வைக்கிறவ, தம்பேரு வெட்டுன டிபன் பாக்ஸ்லயா வைப்பா?”

“அது செய்வினை இல்ல, ஜியோகேச்சுங்குற பொதையல் வெளையாட்டுன்னு மதினிகிட்டச் சொல்லிட்டேன்ல.”

“கிரகணத்தன்னைக்குப் போயி உங்கண்ணன் திராட்சைத் தோட்டத்துல, கல்லுக்காலுக்கு அடியில பொதைச்சு வச்சிருக்கீக. அவுக எப்படி நம்புவாக?”

“ஒரே மாசத்துல ரெண்டு பௌர்ணமி, ரெண்டாவதுல கிரகணம். எம்புட்டு அபூர்வம்! அதைக் கொண்டாடத்தான் வச்சேன். எடத்தை இன்டர்நெட்டுல போட்டாச்சு. ஜிபிஎஸ் வச்சுத் தேடி வர்றவுக, உள்ள இருக்குற நோட்டுல பேரெழுதிட்டுத் திருப்பி வச்சிருவாக.”

“யாரு வந்தா? உங்க மதினிதான் களை வெட்டையில எடுத்தாக. டப்பாவுல எம்பேரப் பாத்ததுல இருந்து எங்கூடப் பேச்சே இல்ல. செய்வினை எடுக்கக் குமுளியில இருந்து மந்திரவாதியக் கூட்டியாறாகளாம்.”

கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அப்ப மொதல்ல கண்டுபிடிச்சது மதினிதான். நோட்டுல பேரெழுதுனாகளா?”

ஓடும் பேருந்தில் அந்தப் பெண் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.