கதவுக்கு மேல் ஒரு பொன்மொழி

அவைக்கு அணிசெய்யும் தலைவர் பாக்கியசாமி அவர்களே, ஆன்ற பெரியோர்களே, துறைமுகத்தில் மூட்டை இறக்கிய முதுகோடு முன்வரிசையில் வீற்றிருக்கும் தோழர்களே, சூலியா தெருச் சோதரர்களே! அன்பார்ந்த தாய்மார்களே என்றும் அழைக்க என் நா துடிக்கிறது. அழைப்பது எப்படி? அவர்கள் சன்னலுக்கு வெளியே, நடைபாதையில் அல்லவா நிற்கிறார்கள்? ஆடவர் மட்டுமே உள்ளே வரலாம் என்பது நம் வாசகசாலையின் ஏழாம் விதி. ஆகவே அந்த ஒரு விளியை மட்டும் கைவசம் வைத்துக்கொள்கிறேன்.

நாள்தோறும் நம் வாசற் கரும்பலகையில் ஒரு பொன்மொழி எழுதுவது செயலாளனாகிய என் கடமை. ஞானிகள் சொன்னதை எழுதினேன், நாடாண்டவர்கள் சொன்னதை எழுதினேன், நாவலர்கள் சொன்னதை எழுதினேன். ஆயினும் இவ்வாண்டு நம் நெஞ்சை அள்ளியது எது? சரியாகச் சொன்னீர்கள், பின்வரிசை அண்ணே. ‘கதவைச் சாத்திவிட்டுக் காற்று வரவில்லை என்று கலங்காதே.’ அதன் கீழே, ‘கிரேக்க ஞானி ஒருவர்’ என்றிருந்தது.

அதை வைத்து இரண்டு மணி நேரம் சொற்போர் நடத்தினோம். ஆசிரியர் வின்சென்ட் எழுந்து, “இதை மூலத்திலேயே படித்திருக்கிறேன், தமிழில் பாதி அழகு போய்விட்டது” என்றார். சிரிக்காதீர்கள், அவர் என் நண்பர். நிர்வாகக் குழு அதைப் பளிங்கில் பொறித்து வாசலுக்கு மேல் பதித்தது. ஞானியின் பெயருக்கு இடம் விட்டு, விசாரித்து இன்று அறிவிக்கும்படி எனக்குக் கட்டளையும் இட்டது.

விசாரிப்பானேன்? எனக்குத்தான் தெரியுமே. அன்று பொன்மொழிப் புத்தகத்தை யாரோ இரவல் கொண்டுபோய்விட்டார்கள். சுண்ணக்கட்டியும் கையுமாக விழித்துக்கொண்டு நின்றேன். நம் சுப்பையா, வீட்டுப் பக்கம் வராதே என்று மைத்துனரை விரட்டியவர், வாசலில் ஆப்பம் சுடும் அமலம்மாளிடம், “ரெண்டு வருஷமாச்சு, எட்டிக்கூடப் பாக்கல” என்று குறைப்பட்டுக்கொண்டிருந்தார். அமலம்மாள் சட்டியைச் சுழற்றியபடியே கேட்டார்: “கதவையும் நீயே சாத்திட்டு, காத்து வரலன்னா எப்படி தம்பி?”

சுப்பையா அன்றே மைத்துனர் வீட்டுக்குப் போனார். இதோ, இருவரும் ஒரே பெஞ்சில். நானோ அந்தச் சொல்லைச் செந்தமிழாக்கிப் பலகையில் எழுதினேன். ஆப்பக்கார அம்மாள் சொன்னது என்றால் யார் நின்று படிப்பார்கள் என்று அஞ்சி, கிரேக்க ஞானி என்று போட்டேன். அதற்கு வெட்கப்படுகிறேன்.

அந்த ஞானி சன்னலுக்கு வெளியே நிற்கிறார். அவர் சொல் கதவுக்கு மேலே, அவரோ கதவுக்கு வெளியே. இது தகுமா? அறிவுக் காற்று வீசவில்லையே என்று ஆண்டுதோறும் அங்கலாய்க்கிறோமே, கதவைச் சாத்தியவர் யார்? பொய் எழுதியதற்காக என் பதவியை எடுத்துக்கொள்ளுங்கள். கூடவே அந்த ஏழாம் விதியையும் எடுத்துவிடுங்கள். சம்மதிப்போர் கை உயர்த்துங்கள்.

அடடா, எத்தனை கைகள்! வின்சென்ட் இரண்டு கையையும் தூக்குகிறார். தலைவரே, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு எங்கே போகிறீர்கள்? கதவருகே போடவா? என் மனம் நிறைந்துவிட்டது ஐயா.

வாருங்கள் அக்கா. அடுப்பு எரிகிறதா? அணைத்துவிட்டே வாருங்கள், காத்திருக்கிறோம். கல்லிலும் உங்கள் பெயருக்கு இடம் காத்திருக்கிறது. எல்லாரும் வாருங்கள்.

கை தூக்கிய அனைவருக்கும் என் நன்றி. கைவசம் வைத்திருந்ததை இப்போது சொல்லி அமர்கிறேன். அன்பார்ந்த தாய்மார்களே, வணக்கம்.