இரண்டாம் சாட்சி

எனக்கு வாய்ப்பேச்சில் நம்பிக்கை கிடையாது, ஐயா. பால்காரர் நாளைக்கு வரமாட்டேன் என்றால்கூட ஒரு சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்வேன். இது பொறுக்காமல்தான் என் மனைவி அம்மா வீட்டுக்குப் போனாள். போவதையும் எழுதிக் கொடுத்துவிட்டே போனாள்.

அத்தையின் வீட்டை நான் வாங்கியபோதும் அப்படித்தான். சொந்தத்துக்குள் எழுத்து எதற்கு என்று அவர் சிரித்தார். நான் விடவில்லை. பத்திரத்தில் எழுதியது இதுதான்: விலை குறைவு, பதிலுக்கு ஆயுள் உள்ளவரை மாடியில் அத்தை இருப்பார். பழுதுபார்க்கக் கேட்பதாக இருந்தால் எழுத்தில், இரண்டு சாட்சிகளோடு கேட்க வேண்டும். இந்த வரி மட்டும் என் யோசனை. மற்றதெல்லாம் பத்திர எழுத்தர் எழுதியது.

அப்போது அத்தைக்கு மூச்சு இழுப்பு. பார்க்கவே பாவமாக இருக்கும். அந்தத் தைரியத்தில் மாடியை ஒரு பல் மருத்துவருக்கு வாடகைக்குப் பேசி, சாவி தரும் தேதியையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆனால் வீடு விற்ற நிம்மதியோ என்னவோ, அத்தையின் இழுப்பு போன இடம் தெரியவில்லை. ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியை அல்லவா, மாடியில் கயிறு தாண்டத் தொடங்கினார். என் சாப்பாட்டுத் தட்டில் சுண்ணாம்பு உதிர்ந்தது. தேதியோ நெருங்கியது. எழுதியதை மீறுகிறவன் நான் இல்லை, ஐயா.

ஒருநாள் அத்தை கீழே வந்தார்.

"மாடிப்படி மேல கைப்பிடி ஆடுதுடா. கொஞ்சம் முடுக்கி விடேன்."

"எழுதிக் குடுங்க அத்தை."

எழுதிக் கொடுத்தார். சாட்சி இல்லை, திருப்பிவிட்டேன். துணி தேய்ப்பவரின் கையெழுத்தோடு வந்தார். ஒரு சாட்சிதான், அதையும் திருப்பினேன். ரோஷம் வந்து, பத்திர எழுத்தரையே இரண்டாம் சாட்சியாக அழைத்து வந்துவிட்டார்.

அவரும் என்னைப் போல ஒழுங்கான மனிதர். கண்ணால் பார்க்காததற்குக் கையெழுத்துப் போடமாட்டேன் என்று மாடி ஏறினார். "எங்கம்மா ஆடுது?" என்று கைப்பிடியில் சாய்ந்தார். கைப்பிடியும் அவரும் ஒன்றாகத்தான் கீழே வந்தார்கள். நான் போய்த் தொட்டபோது உயிர் இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. முத்து முத்தான கையெழுத்து அவருக்கு.

திருகாணிகளைக் கழற்றியது நான்தான். அத்தைக்காகக் கழற்றியது, அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால் பத்திரத்தை நீங்களே ஒருமுறை வாசியுங்கள். மாடிக் கைப்பிடியை வீட்டுக்காரர் கழற்றக் கூடாது என்று எங்காவது இருக்கிறதா? அந்த வரியை எழுதாமல் விட்டவர் அவர்தான். வேலையில் கொஞ்சம் கவனமாக இருந்திருந்தால், பாவம், இன்று உயிரோடு இருந்திருப்பார்.