இன்னும் நாற்பது கிலோமீட்டர்

ஹலோ... ஆமா, விளம்பரத்துல இருக்கிற நம்பர்தான்... இருக்கு, வண்டி இன்னும் இருக்கு. யாருக்கும் கொடுக்கலை... பையன்தான் விளம்பரம் போட்டான். வண்டிப் பேப்பரை நகல் எடுக்கக் கடைக்குப் போயிருக்கான், இப்ப வந்துடுவான்... பரவாயில்லை, என்கிட்டயே கேளுங்க... ஏன் சிரிக்கிறீங்க? எனக்கு அந்த வண்டியைப் பத்தி எல்லாம் தெரியும் தம்பி. மேடம் எல்லாம் வேணாம், அக்கான்னே சொல்லுங்க.

டீசல்தான்... ரெண்டு லிட்டர் இன்ஜின், நாலு சிலிண்டர், டர்போ. நூத்துத் தொண்ணூறு குதிரைத் திறன். கியர் எட்டு, ஆட்டோமேட்டிக்... டார்க்கா? நானூறு. அதுவும் ஆயிரத்து எழுநூறு ஆர்பிஎம்லயே முழுசாக் கிடைச்சுடும். அஞ்சு பேரும் பெட்டி படுக்கையும் ஏறினாலும் மேட்டுல மூச்சு வாங்காது...

ஐயோ, நானா? நான் பல் கிளினிக்ல வரவேற்புல உக்கார்றவ. என் வீட்டுக்காரர் சொல்லிக் கொடுத்தது. இறுகின பாட்டில் மூடியை அசைக்கிறதுக்குக் கையில வேணுமே ஒரு பலம், அதுதான் டார்க். அசைஞ்சப்புறம் எவ்வளவு வேகமாத் திருகுறோம்ங்கிறது குதிரைத் திறன்... ஆமா, அழகாச் சொல்வார். கேக்காமலே சொல்வார், அதான் கஷ்டம்.

டேங்க் அறுபத்தாறு லிட்டர். வெளியூர் ரோட்டுல ஒரு டேங்குக்கு ஆயிரம் கிலோமீட்டர் தாண்டும்... ஊருக்குள்ளயா? ஊருக்குள்ள குறையும். உங்களுக்கு ஆபீஸ் எவ்வளவு தூரம்?... நாலு கிலோமீட்டரா. அப்படின்னா ஒண்ணு சொல்றேன், குறிச்சுக்கோங்க. புகைக் குழாயில ஒரு வடிகட்டி இருக்கு, கரியைப் பிடிச்சு வச்சுக்கும். பக்கத்துலயே ஓட்டிக்கிட்டிருந்தா அடைச்சுக்கும். வாரத்துல ஒரு நாள் பெரிய ரோட்டுல அரை மணி நேரம் விரட்டணும், அப்பதான் சூடேறி அந்தக் கரி எரியும்... ஆமா, ஆமா. ஞாயித்துக்கிழமை காலையில எங்க வீட்டுல அதுதான் வேலை. ரெண்டு பேரும் எங்கேயும் போகாம போயிட்டு வருவோம்.

நீளமா?... அஞ்சு மீட்டருக்கு ஒரு சாண் குறைவு. உங்க ஷெட்டை அளந்துக்கோங்க. வாங்கிட்டு வந்த அன்னிக்கு எதிர்வீட்டுக்காரர் சுத்திச் சுத்திப் பார்த்துட்டு, "என்ன சார், அமரர் ஊர்தி மாதிரி இருக்கு"ன்னார். பாவம், அவரை நிறுத்தி வச்சு என் வீட்டுக்காரர் அரை மணி நேரம் பாடம். "இதுக்குப் பேரு எஸ்டேட் சார். குடும்பக் கார். கூரை கடைசி வரைக்கும் ஒரே மட்டத்துல போகும்"னு... சிரிங்க, சிரிங்க. நானும்தான் சிரிச்சேன்.

பின்னாடி இடம் அறுநூத்து நாப்பது லிட்டர். சீட்டை மடிச்சுட்டா ஒரு ஆள் கால் நீட்டிப் படுக்கலாம்... சக்கர நாற்காலியா? தாராளமாப் போகும். கை நிறைய சாமான் இருந்தா பம்பருக்கு அடியில காலை ஒரு ஆட்டு ஆட்டுங்க, கதவு தானே திறந்துக்கும். பின் சக்கரத்துக்கு ஏர் சஸ்பென்ஷன். எவ்வளவு பாரம் வச்சாலும் பின்பக்கம் குந்தாது, தானே காத்தை ஏத்திச் சமமாக்கிக்கும்... இல்லை, நாங்க அப்படி ஒண்ணும் ஏத்தினதில்லை.

அவரா?... அவர் இல்லை தம்பி... இல்லை, வெளியூர்ல இல்லை. இறந்துட்டார். நாலு மாசம் ஆச்சு... பரவாயில்லை. உங்களுக்கு எப்படித் தெரியும்... ம்... ம்... அதனாலதான் விக்கறோம். பையன் அந்த வண்டியில ஏற மாட்டேங்கிறான்.

குறை ஒண்ணும் இல்லை. ஒரே கைதான் ஓட்டியிருக்கு... சரி, கடைசியில ரெண்டு கை. சர்வீஸ் ஒண்ணுகூடத் தவறலை. பிரேக் போன வருஷம்தான் மாத்தினது... ஆமா. நம்பி வாங்கலாம்... யாருக்கு அந்த நாற்காலி, கேக்கலாமா?... அப்பாவுக்கா. கால்ல ஏதாவது... நெஞ்சா.

...இல்லை, லைன்லதான் இருக்கேன்.

ரெண்டு தடவை வந்துடுச்சா... ம்... எந்த நேரத்துல வேணாலும் தூக்கிக்கிட்டு ஓடற மாதிரி இருக்கணும்... ம். புரியுது. அதனாலதான் பெரிய வண்டி பார்க்கறீங்க.

தம்பி, ஒரு நிமிஷம். பென்சில் பக்கத்துல இருக்கா?... எழுத வேணாம், கேளுங்க. டீசல் ஊத்தற மூடிக்குப் பக்கத்துல நீல மூடி ஒண்ணு இருக்கும்... ஆமா, யூரியாத் தண்ணின்னு சொல்றாங்களே, அதேதான். புகையைச் சுத்தம் பண்றதுக்கு. அதுக்குத் தனியா பதினாறு லிட்டர் டேங்க். அது குறைஞ்சா முன்னாடி திரையில எழுத்து வரும். "இன்னும் ஆயிரம் கிலோமீட்டர்"னு. அப்புறம் ஐநூறு. ஒவ்வொரு தடவை ஸ்டார்ட் பண்ணும்போதும் காட்டும். ஸ்டியரிங்ல ஓகேன்னு ஒரு பட்டன் இருக்கு, அழுத்தினா மறைஞ்சுடும். மறையும், அவ்வளவுதான். கணக்கு உள்ள ஓடிக்கிட்டேதான் இருக்கும். முடிஞ்சுபோச்சுன்னா இன்ஜின் ஸ்டார்ட் ஆகாது... இல்லை, ரிப்பேர் இல்லை. எல்லாம் நல்லா இருக்கும். டீசல் நிறைய இருக்கும், பேட்டரி புதுசா இருக்கும். ஆனா ஸ்டார்ட் ஆகாது. சட்டப்படி புகை விடக் கூடாதுன்னு வண்டியை அப்படித்தான் செஞ்சிருக்காங்க. ஓடிக்கிட்டிருக்கும்போது நிக்காது. நிறுத்திட்டா, மறுபடி எழுந்திருக்காது.

எனக்கா?... ஆமா. எங்களுக்கு நடந்துச்சு.

அவருக்கு முதுகு எலும்புல தட்டு விலகிடுச்சு. ரெண்டு மாசம் அசையாம படுக்கணும்னுட்டாங்க. வண்டி என் கைக்கு வந்துச்சு. தினம் கிளினிக்குக்கு நான்தான் ஓட்டிக்கிட்டுப் போனேன். சாயங்காலம் வந்து செருப்பைக் கழட்டியிருக்க மாட்டேன், உள்ளேயிருந்து குரல் வரும். டயர் பார்த்தியா? எத்தனை கிலோமீட்டர் ஆச்சு? ஏதாவது மெசேஜ் வந்துச்சா? நெஞ்சு மேல அந்த வண்டிப் புத்தகம் கவுந்து கிடக்கும்...

வந்துச்சு. ஆயிரம்னு வந்துச்சு. ஒண்ணும் வரலைன்னு சொன்னேன்.

ஏன்னா... சொன்னா எழுந்து வந்துடுவார் தம்பி. பத்து லிட்டர் கேனைத் தானே தூக்குவார், முதுகு போயிடும். அதனாலதான் சொல்லலை... இல்லை. இருங்க. அது பொய் இல்லை, ஆனா காரணமும் அது இல்லை. இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்லை. உங்களை எனக்குத் தெரியாது, அதனால வருது.

கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்துல நான் தனியா ஓட்டின முதல் வண்டி அது. காலையில இருபது நிமிஷம், சாயங்காலம் இருபது நிமிஷம். கண்ணாடியை ஏத்திவிட்டுட்டா ஒரு சத்தம் கேக்காது. பக்கத்து சீட்டுல யாரும் இல்லை. இப்ப கியர் ஏன் மாறுச்சு தெரியுமான்னு கேக்க ஆள் இல்லை. அந்த எழுத்து வரும், நான் ஓகேயை அழுத்துவேன். அவருக்குத் தெரியாத ஒரு விஷயம் என்கிட்ட இருந்துச்சு. அதை அவர் கையில கொடுக்க மனசு வரலை... அதுதான். கேவலமா இருக்கு இல்ல?... இல்லை, நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்.

சனிக்கிழமை கடையில வாங்கி நானே ஊத்திடலாம்னு நினைச்சேன். ஊத்திட்டு அப்புறம் சொல்லலாம், பார்த்தீங்களா, எனக்கும் தெரியும்னு. வியாழக்கிழமை காலையில இன்னும் நாப்பதுன்னு காட்டுச்சு. கிளினிக்கும் வீடும் போக வர பதினெட்டு. ரெண்டு நாளைக்கும் போதும்னு கணக்குப் போட்டேன். ஆனா அன்னிக்கு ஊரோட அந்தக் கோடியில இருக்கிற மருந்துக் கடைக்குச் சுத்திக்கிட்டு வந்தேன், அவருக்குத்தான், வலி மாத்திரை வாங்க. அதைக் கணக்குல சேர்க்க விட்டுப்போச்சு.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டார். வேர்வை ஊத்துது. தாங்கிப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டு வந்து முன் சீட்டுல உக்கார வச்சேன். பட்டனை அழுத்தறேன்... அழுத்தறேன்... திரையில அந்த எழுத்து. அவர் வலியோட அதைப் படிச்சார் தம்பி. கண்ணாடி இல்லாம, கண்ணைச் சுருக்கிப் படிச்சார். படிச்சுட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமெல்லாம் இல்லை. கோபப்பட்டிருந்தா நான் தாங்கியிருப்பேன்.

ஆம்புலன்ஸைக் கூப்பிடணும்னுகூட எனக்கு உடனே தோணலை. பத்து நிமிஷம் அந்தப் பட்டனையே அழுத்திக்கிட்டிருந்தேன். அப்புறம் எதிர்வீட்டுக்காரர் ஓடி வந்து... ம்... ம்... டாக்டர் என்ன சொல்வார், அரை மணி நேரம் முன்னாடி வந்திருக்கலாமேன்னார். எல்லாரும் சொல்றதுதானே.

காரியமெல்லாம் முடிஞ்சப்புறம் வண்டியைத் துடைக்கலாம்னு பின்பக்கத் தரைப் பலகையைத் தூக்கினேன். அடியில ஒரு பள்ளம் இருக்கும், டயர் ஊதற மெஷின் வைக்கிற இடம். அதுல ஒரு கேன். பத்து லிட்டர், சீல் பிரிக்கலை. முதுகு பிடிக்கிறதுக்கு முன்னாடியே வாங்கி வச்சிருக்கார். ரெண்டு மாசமா எனக்குப் பின்னாடியே வந்துக்கிட்டு இருந்துச்சு... ஆமா. சொல்லியிருந்தா, படுத்த இடத்துலேருந்தே ரெண்டு வார்த்தைல சொல்லியிருப்பார். எழுந்திரிக்கவே வேண்டியிருந்திருக்காது.

பையனுக்கா? தெரியாது... அவன் வெளியூர்ல வேலையில இருந்தான், சாவுக்குத்தான் வந்தான். ஏம்மா ஸ்டார்ட் ஆகலைன்னு கேட்டான். என் வாயில என்ன வந்துச்சு தெரியுமா? "கடையில கிடைக்கறதை ஊத்தக் கூடாது, கம்பெனியோடதுதான் வேணும்னு அப்பா பிடிவாதம் பிடிச்சார்பா, அது வர லேட் ஆயிடுச்சு"ன்னேன். உடனே நம்பிட்டான். அப்படிப்பட்ட மனுஷன்தானே அவர், யாரும் நம்புவாங்க. "அவர் பிடிவாதமே அவரைக் கொன்னுடுச்சு"ன்னான். நாலு மாசமா அப்பா படத்தை ஏறிட்டுப் பார்க்கறதில்லை. எனக்கு முன்னாடி அவரைத் திட்டறான், நான் சோத்தைப் போட்டுக்கிட்டு உக்கார்ந்திருக்கேன்... கேனை மறைச்சு வச்சிருக்கேன், துணி அலமாரிக்குப் பின்னாடி. ஆமா தம்பி, செத்தவர் எதிர்த்துப் பேச மாட்டார்...

வண்டியை வாங்கிக்கோங்க. நல்ல வண்டி. அதுமேல ஒரு தப்பும் இல்லை. ஆனா யார் ஓட்டினாலும், வீட்டுல இன்னொருத்தர்கிட்ட சொல்லச் சொல்லுங்க. உங்க வீட்டுல யார் ஓட்டுவாங்க?... ரெண்டு பேருமா. அப்படின்னா அவங்ககிட்ட...

ஒரு நிமிஷம்.

என்னப்பா, எப்ப வந்தே? கதவு சத்தமே கேக்கலையே... வண்டிக்குத்தான், ஒருத்தர் பேசறார். பேப்பர் நகல் கிடைச்சுதா?... எந்தக் கேன்?... அது... வேற ஏதோ பேசிக்கிட்டு இருந்தோம். நீ போய்க் கை கால் கழுவு.

தம்பி, இருக்கீங்களா?... வச்சுடாதீங்க. பையன் வந்துட்டான். இல்லை, அவன்கிட்ட கொடுக்கலை. நீங்க ஏதாவது கேளுங்க, சொல்றேன். டயர் அளவு வேணுமா? முன்னாடி பின்னாடி ஒரே அளவுதான், பதினெட்டு இஞ்ச்... ஹெட்லைட் எல்லாம் எல்இடி, வளைவுல தானே திரும்பும்... கேளுங்க தம்பி. நீங்க லைன்ல இருக்கிற வரைக்கும் அவன் ஒண்ணும் கேக்க மாட்டான்... இல்லை தம்பி, அது எனக்கும் தெரியும். ஆனா இன்னிக்கே சொல்லணுமா?... ம்... ம்... அப்பா கூப்பிடறாரா. போய்ப் பாருங்க, போங்க...

ஹலோ... ஹலோ...

எட்டு கியர்... ஆமா, ஆமா... நாலு வீல் டிரைவ்...

தெரியும்ப்பா. கட் ஆயிடுச்சு. ஆகிக் கொஞ்ச நேரம் ஆச்சு. இருந்தாலும் காதுல இருக்கட்டும், பிடுங்காதே. உன் முகத்தைப் பார்த்துக்கிட்டு எனக்கு வராது. அந்த நாற்காலியில உக்காரு... சரி, நில்லு.

உங்க அப்பா பிடிவாதம் பிடிக்கலை. தினம் சாயங்காலம் என்கிட்ட கேட்டார்ப்பா, ஏதாவது மெசேஜ் வந்துச்சான்னு. நான்தான் இல்லைன்னு சொன்னேன்.