சாமி போடாத செருப்பு

புதுச் செருப்பு எனக்கு எப்போதுமே கடிக்கும், இன்ஸ்பெக்டர் மேடம். காரில் ஏறியதும் கழற்றி சீட்டுக்கு அடியில் தள்ளிவிடுவேன். அதைத்தான் நீங்கள் மேஜைமேல் வைத்திருக்கிறீர்கள். கொஞ்சம் தள்ளி வையுங்கள், டீ பக்கத்தில் இருக்கிறது.

நீங்கள் இந்த ஸ்டேஷனுக்குப் புதிது. காஞ்சிபுரத்தில் வரதராஜன் என்றால் முதலில் பட்டுக்கடையைச் சொல்வார்கள். அடுத்து, ‘குடித்துவிட்டு வாகனம் ஓட்டாதீர்’ பேரணி. வருஷா வருஷம் நான்தான் நடத்துகிறேன். ஐந்நூறு பேருக்குப் பனியன். முதுகில் வாசகம், நெஞ்சில் என் படம். நூறு மில்லி ரத்தத்தில் முப்பது மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் எந்தப் பிரிவு, என்ன தண்டனை என்பதையெல்லாம் மைக்கில் பார்க்காமலே சொல்வேன்.

அன்றும் பேரணி நன்றாக நடந்தது. டிரைவர் ஜெயக்குமார் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தான். கறிவிருந்துக்குச் சாமியைக் கூட்டிப்போவது பாவம் என்று அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மாகறலில் நண்பரின் தோப்புக்கு நானே ஓட்டிப்போனேன். அடுத்தவர் விரதத்தை மதிக்கிற குணம் எனக்கு உண்டு. பேரணி வெற்றி என்று ஒரு ரவுண்டு எடுத்துக்கொண்டோம். மற்ற ரவுண்டெல்லாம் மரியாதைக்கு.

திரும்பும்போது வெயில் சாய்ந்திருந்தது. குறுக்கே ஒரு சைக்கிள். இறங்கிப் பார்த்தேன். வாய்க்கால் ஓரம் கிடந்தவன் நெஞ்சில் என் படம் இருந்தது. காலையில் பேரணிக்கு வந்தவன். படத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

“தலைவரே, நீங்களா?” என்றான். குரலில் ஒரு நிம்மதி. “காலு நவுர மாட்டேங்குது. அப்டியே கார்ல போட்டுக்கினு பெரியாஸ்பத்திரில வுட்டுடுங்க தலைவரே.”

“கொஞ்சம் பொறுப்பா. ஆளு வந்துக்கினு இருக்கான்” என்றேன்.

பொய் இல்லை. ஜெயக்குமாருக்குப் போன் போட்டிருந்தேன். பூஜையில் உட்கார்ந்திருந்தான். முடித்துவிட்டே வா என்றேன். பூஜையைப் பாதியில் நிறுத்தக் கூடாது.

நூற்றெட்டைக் கூப்பிட்டிருக்கலாமே என்கிறீர்கள். வந்தவர்களுக்கு என் வாய் நாற்றம் தெரிந்திருக்கும். ஐந்நூறு பனியனும் வீணாகியிருக்கும்.

பெயர் சிட்டிபாபு என்று அவனே சொன்னான். மகள் தீபிகா பிளஸ் டூ முடித்திருக்கிறாளாம். என் கடையில் ஒரு வேலை கேட்டான். பார்க்கலாம் என்றேன். பிறகு தண்ணீர் கேட்டான். அதன் பிறகு எதுவும் கேட்கவில்லை.

ஜெயக்குமார் பைக்கைப் போட்டுவிட்டு வெறுங்காலோடு ஓடிவந்தான்.

“உசுரு இருந்துச்சா மொதலாளி?”

“இல்லப்பா. பட்ட ஒடனே பூட்டான். நீதான் ஓட்டிக்கினு வந்தேன்னு சொல்லிடு. நீ ஊதினா மிஷின்ல ஒண்ணும் வராது. சாதா ஆக்சிடென்ட்டா பூடும்.”

“மாலை போட்டுக்கினு பொய் சொல்லக் கூடாது மொதலாளி.”

“மாலையோட சொன்னாத்தாம்பா நம்புவாங்க.”

நம்பினார்கள். உங்கள் ஏட்டு கருவியை நீட்டும்போதே, “மன்னிச்சுக்கோ சாமி, ஒரு தபா ஊது” என்றார். பூஜ்யம். எல்லாம் முறையாக முடிந்திருக்கும். நீங்கள்தான் குனிந்து சீட்டுக்கு அடியில் பார்த்துவிட்டு, “சாமி செருப்பு போட மாட்டாரே?” என்று கேட்டீர்கள். விரதக்காரன் வெறுங்காலில்தான் நடப்பான் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அன்று நானும் வெறுங்காலோடுதான் வீடு போய்ச் சேர்ந்திருக்கிறேன், அதுவும் தெரியவில்லை.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். இடித்தது நான். அவன் பேச்சு நிற்கும்வரை பக்கத்தில் நின்றதும் நான். ஜெயக்குமாரை விட்டுவிடுங்கள், மலைக்குப் போகவேண்டியவன்.

உடனே கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பான் என்று டாக்டர் எழுதியிருக்கிறாராம். இருக்கலாம். ஆஸ்பத்திரி தூரமில்லை, சாவியும் என் கையில்தான் இருந்தது. ஆனால் அவ்வளவு குடித்துவிட்டு எப்படி மேடம் வண்டியை எடுப்பது? சட்டம் என்று ஒன்று இருக்கிறதே.