கொட்டாயை விட்டுப் போன கதை

எனக்குப் படிக்கத் தெரியும், சொல்லத் தெரியாது. இரண்டும் ஒன்றுதானே என்று நீங்கள் நினைக்கலாம், இன்ஸ்பெக்டர் ஐயா. ஒன்றில்லை. புத்தகத்தைக் கையில் கொடுத்தால் ஒரு தோட்டத்தையே வாயடைத்து உட்கார வைப்பேன். புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டால், டீயில் சீனி குறைவாக இருக்கிறது என்று கடைக்காரனிடம் சொல்லக்கூட எனக்கு நாக்கு எழாது. அதனால் கொஞ்சம் நிதானமாகத்தான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெயர் ஆண்டியப்பன். தேயிலைக் கொழுந்து லோரியில் கெலிண்டான். செல்லையா ஓட்டுவான், நான் கொழுந்து மூட்டைகளை ஏற்றுவேன், ஃபேக்டரியில் இறக்குவேன், பனி மூடினால் லோரிக்கு முன்னால் நடப்பேன். வாரம் முழுக்க என்னை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நான் வேறு ஆள்.

எங்கள் தோட்டத்து ஆயாக்கொட்டாய் உங்களுக்குத் தெரியும். பெண்கள் கொழுந்தெடுக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுப் போகிற இடம். ஞாயிற்றுக்கிழமை அது காலியாகக் கிடக்கும். எழுபத்தைந்தில் நாங்கள் அங்கே கதைச் சங்கம் ஆரம்பித்தோம். தமிழ்நாட்டு வாரப் பத்திரிகை கடல் தாண்டி மலேசியாவுக்கு, ஈப்போவுக்கு வந்து, தாப்பா பஸ் ஏறி, பிரிஞ்சாங் பேப்பர் கடைக்கு வந்து சேரும். எங்களுக்கு ஒரே ஒரு பிரதி. அதில் வரும் தொடர்கதையை நான் சத்தமாகப் படிப்பேன், மற்றவர்கள் கேட்பார்கள். தோட்டத்தின் கீழ் டிவிஷனிலிருந்து மழையிலும் பிளாஸ்டிக் சீட்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஏறி வருவார்கள். தொட்டில் கட்டும் கயிறுகளுக்குக் கீழே நெருக்கியடித்து உட்கார்ந்து, நான் பக்கத்தைத் திருப்பும் சத்தத்துக்காகக் காத்திருப்பார்கள். அந்த அமைதி இருக்கிறதே, அதை உங்கள் ஸ்டேஷனில் நீங்கள் ஒருநாளும் கேட்டிருக்கமாட்டீர்கள்.

சங்கத்துக்கு ஒரே சட்டம்தான். கேட்டது கொட்டாயோடு. வராதவனிடம் போய், அடுத்து என்ன நடந்தது என்று சொல்லக்கூடாது. சட்டம் நான் போட்டது. எனக்காகப் போடவில்லை. இன்றைக்கு வராதவன் அடுத்த வாரம் வரக்கூடும். அவனுக்கென்று கதை முழுசாக இருக்கவேண்டும் என்றுதான் போட்டேன்.

இதைக் கெடுத்தவன் செல்லையா.

லோரி ஓட்டுபவன் ஊர் சுற்றுவான். ஃபேக்டரி பெட்டிகளை எடுத்துக்கொண்டு திரிங்காப் போவான், கியா பார்ம் போவான், பிரிஞ்சாங் சந்தையில் நிறுத்துவான். நிறுத்திய இடமெல்லாம் கதை. ஞாயிற்றுக்கிழமை என் வாயிலிருந்து கேட்டதை மறுநாளே காய்கறித் தோட்டத்து ஆட்களுக்குச் சொல்லிக்கொண்டிருப்பான். அதையும் ஒழுங்காகச் சொல்வானா? கதையில் வருகிற பண்ணையாரைத் தோட்டத்து துரையாக ஆக்கிவிட்டான். கல்யாணத்துக்கு முதல்நாள் காணாமல் போகிற பெண்ணை, கூடை சுமக்கிற கொழுந்துக்காரியாக ஆக்கிவிட்டான். எழுதியவர் கேட்டால் என்ன நினைப்பார்? யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. சிரித்தார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், "அப்புறம் என்னலா ஆச்சு?" என்று அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். நான் பக்கத்திலேயே மூட்டை தூக்கிக்கொண்டிருப்பேன். என் காதுபடவே என் கதையை. சரி, பத்திரிகைக் கதையை.

கீழ் டிவிஷன் ஆட்கள் வருவது குறைந்தது. அவர்களுக்குத்தான் எடைக் கொட்டகையில் லோரி நிற்கும்போதே கதை கிடைத்துவிடுகிறதே, எதற்கு மலை ஏறவேண்டும்?

சங்கத்தில் பேச்செடுத்தேன். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி சாம்பசிவம்தான் எங்களுக்குத் தலைவர். படித்தவர், நியாயம் தெரிந்தவர் என்று நம்பியிருந்தேன். செல்லையா எழுந்து நின்று சொன்னான்: "படிக்கிறதுக்கு முன்ன கொட்டாய்க்குள்ள சொன்னா தப்பு, ஒத்துக்கிறேன்லா. திரிங்காப்புல முட்டைக்கோஸ் வெட்டறவன்கிட்ட நான் என்ன பேசினா சங்கத்துக்கு என்ன? அவனுக்கு ஞாயித்துக்கெழம லீவா? அவன் எப்ப இங்க வந்து கேக்கப் போறான்?"

"ஒரு நாளு வருவான்ல," என்றேன். "வர்றப்ப அவனுக்கு என்ன மிச்சம் இருக்கும்?"

"கதை தெரிஞ்சா கேக்கமாட்டானா, அண்ணே? ராமாயணம் தெரியாதவனா கூத்து பாக்குறான்?"

எல்லோரும் சிரித்தார்கள். சொன்னேனே, கையில் புத்தகம் இல்லாவிட்டால் எனக்குப் பேச்சு வராது. கிராணி கையைத் தூக்கச் சொன்னார். "சட்டம் கொட்டாய்க்குள்ள மட்டும் போதும், ஆண்டியப்பன். வெளியில ஆளுங்க வாய்க்கு நாம பூட்டுப் போட முடியாது," என்றார். கைகள் உயர்ந்தன. முதல் வரிசையில் உட்காரும் வடிவம்மாளின் கையும் உயர்ந்தது. கீழ் டிவிஷனில் கொழுந்தெடுப்பவள். மற்றவர்கள் நின்றுவிட்ட பிறகும் விடாமல் ஏறி வந்தவள் அவள் ஒருத்திதான். அவளும் தூக்கினாள்.

எனக்குக் கோபம் என்று நான் சொல்லவில்லை. வருத்தம் என்றுதான் உங்கள் ஆளிடம் முதலில் சொன்னேன். இப்போது யோசித்தால் கோபம்தான். அவன் பக்கத்து சீட்டில் தினமும் உட்கார்ந்து போகவேண்டும், அவன் நீட்டுகிற சிகரெட்டை வாங்கவேண்டும், ஊரெல்லாம் "கதைக்காரர்" என்று அவனைக் கூப்பிடுவதைக் கேட்கவேண்டும். என்னை எல்லோரும் "செல்லையாவோட கெலிண்டான்" என்றார்கள். எழுத்தறியாதவனா நான்?

அந்தத் தொடர் இந்த வருஷம் முடிவுக்கு வந்தது. கடைசி அத்தியாயத்தை மாரியம்மன் திருவிழா ஞாயிற்றுக்கிழமை கோவில் முன்னால் மைக் வைத்துப் படிப்பதென்று முடிவாயிற்று. எல்லா டிவிஷனும் வரும், வெளித் தோட்டத்து ஆட்களும் வருவார்கள். பத்திரிகை ஒரு வாரம் முன்னாலேயே பிரிஞ்சாங் வந்துவிட்டது. நானும் செல்லையாவும் போய் வாங்கினோம். நான் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தபோது அவன் லோரிக்குள் உட்கார்ந்து முழுசாகப் படித்துவிட்டான்.

பெண்ணை மறைத்தது யார் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறேன், ஐயா. நானும் சொல்லப்போவதில்லை. நீங்கள் படிக்கும்போது அது உங்களுக்கு வேண்டும்.

கூச்சத்தை விட்டு அவனிடம் கேட்டேன். "தம்பி, இந்த ஒரு தடவை மட்டும். திருவிழா வரைக்கும் யார்கிட்டயும் முடிவை சொல்லிடாத."

"சொல்லமாட்டேன்ணே," என்று ஸ்டியரிங்கில் அடித்துச் சத்தியம் செய்தான்.

இனி அந்த வியாழக்கிழமை. மத்தியானம் நல்ல மழை. மேல் மலை எடைக் கொட்டகையில் லோரி நின்றது. மழை விட்டதும், லோரி மேலே வரும்போது வழியில் விழுந்த தார்ப்பாயைத் தேடி நான் பாதையோடு கீழே நடந்தேன். பள்ளத்துப் பக்கம் வளைகிற இடத்தில் மண் சரிந்திருந்தது. பாதி ரோடு இல்லை. மீதிப் பாதியில் ஆள் நடக்கலாம், லோரி போகமுடியாது. சொல்வதற்காகத்தான் திரும்பி வந்தேன். இதை நீங்கள் நம்பவேண்டும். ஓட்டமும் நடையுமாகத்தான் வந்தேன்.

வந்து பார்த்தால் லோரிக்குள் வடிவம்மாள். அன்றைக்கு மேல் மலையில் வேலையாம், கால் வழுக்கிச் சுளுக்கிக்கொண்டதாம். கங்காணி ஏற்றி அனுப்பச் சொன்னாராம். செல்லையா இரண்டு கையையும் ஆட்டி ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறான். அவள் கன்னத்தில் கை வைத்து, வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். என் முன்னால் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்திருப்பாளே, அதே மாதிரி. என்னைக் கண்டதும் அவன் பேச்சை நிறுத்திவிட்டுச் சிரித்தான். முடிவைத்தான் சொல்கிறான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. கேட்கவேண்டிய அவசியமே இருக்கவில்லை.

கிளம்பினோம். கொஞ்ச தூரத்திலேயே பனி மூடியது. மலையில் பனி மூடினால் டிரைவருக்குத் தன் லோரியின் மூக்குகூடத் தெரியாது. அப்போது கெலிண்டான் இறங்கி முன்னால் நடப்பான், குரல் கொடுப்பான். "வா" என்றால் டிரைவர் வருவான், "நில்லு" என்றால் நிற்பான். வேறு ஒன்றையும் அவன் பார்க்கமாட்டான். எங்கள் தோட்டத்தில் எப்போதும் அப்படித்தான். தன் கண்ணைவிடக் கெலிண்டானின் குரலை நம்பவேண்டும் என்றுதான் புது டிரைவருக்கு முதலில் சொல்லிக்கொடுப்பார்கள்.

நான் மலைச்சுவரை ஒட்டி நடந்து, சரிவைத் தாண்டி, அந்தப் பக்கம் போய் நின்றேன். முன்னால் என்ன இருக்கிறது என்று அவனிடம் சொல்லவில்லை. அவ்வளவுதான். சொல்லாமல் இருப்பது ஒரு குற்றமா என்று உங்கள் சட்டத்தைத்தான் கேட்கவேண்டும். நடக்கப்போவதை முன்னாலேயே சொல்லிச் சொல்லி அவன் எத்தனை பேருடைய கதையைக் கெடுத்திருக்கிறான்.

இல்லை, நீங்கள் கேட்டது அதுவல்ல. சரி.

வடிவம்மாள் உங்களிடம் சொன்னது உண்மைதான். நான் சும்மா இருக்கவில்லை. "வா" என்றேன். லோரி நின்றது. "ரோடு நல்லாருக்காண்ணே?" என்று பனிக்குள்ளிருந்து கேட்டான். "நல்லாருக்கு, வா. இன்னும் வா," என்றேன். நன்றாகக் கேட்கும்படி, ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகத் தெரியும்படிச் சொன்னேன். அவள் உள்ளே இருப்பது எனக்கு மறக்கவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சத்தம் நினைத்த அளவுக்கு இல்லை. கீழே தேயிலைச் செடிகள் அடர்த்தி. நான் உடனே இறங்கினேன், அவளை வெளியே இழுத்துப் போட்டேன். அவளுக்கு இடுப்பு உடைந்திருந்தது. செல்லையா ஸ்டியரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவில் நசுங்கியிருந்தான். என்னைப் பார்த்தான். ஆட்கள் வருவதற்குள் போய்விட்டான். வந்தவர்கள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். தனியாக இறங்கிக் காப்பாற்றினாயே என்றார்கள்.

சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். பத்திரிகையையும் எடுத்துப் போனேன். முடிவு அவளுக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் ஒழுங்கான படிப்பில் ஒருமுறை கேட்கட்டும், மறுநாள் அவளால் வரமுடியாதே என்று நினைத்தேன். "படிக்கட்டுமா?" என்றேன்.

"வேணாம்ணே," என்றாள். "அன்னிக்கி லோரில எவ்வளவு கெஞ்சினேன் தெரியுமா, முடிவை மட்டும் சொல்லுங்கன்னு. வாயே தெறக்கல. 'ஆண்டியப்பண்ணனுக்கு சத்தியம் பண்ணிட்டேன்லா, அவரு படிச்சுத்தான் நீ கேக்கணும்'னு சொல்லிட்டாரு. கியா பார்ம், திரிங்காப்பு ஆளுங்களயெல்லாம் வரச் சொல்லிருக்கேன், லோரி மேல ஸ்பீக்கரை இப்பிடிக் கட்டப்போறேன், அப்பிடிக் கட்டப்போறேன்னு கையை ஆட்டி ஆட்டி அதையே சொல்லிக்கிட்டு வந்தாரு."

நான் பத்திரிகையை மடித்தேன்.

"ஏன்ணே," என்றாள், "அன்னிக்கி ஏன் வா வான்னு கூப்பிட்டீங்க?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் பத்திரிகையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அவள் உங்களுக்குச் சொல்லியனுப்புவாள் என்று தெரியும். திங்கட்கிழமைக்கு முன்னால் நீங்கள் வரமாட்டீர்கள் என்றும் தெரியும்.

அவன் சத்தியத்தைக் காப்பாற்றினான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த ஒரு தடவைதான். அதற்கு முன்னால் அத்தனை தடவை சொன்னானே, அதை யார் கணக்கில் எடுப்பது? அன்று நான் விட்டிருந்தால் அடுத்த தொடரைச் சொல்லியிருப்பான். எங்காவது ஓர் இடத்தில் நிறுத்தித்தானே ஆகவேண்டும்.

திருவிழாவை நிறுத்தவில்லை. காப்புக் கட்டியாகிவிட்டது, நிறுத்தக்கூடாது. ஆட்டம் பாட்டம் வேண்டாம், கதையை மட்டும் படிக்கட்டும், செல்லையா ஆசைப்பட்டான் என்றார் கிராணி. நேற்று மாலை கோவில் முன்னால் போய் நின்றேன். எல்லா டிவிஷனும் வந்திருந்தது. திரிங்காப்பிலிருந்து ஒரு லோரி நிறைய, கியா பார்மிலிருந்து, பிரிஞ்சாங் சந்தையிலிருந்து. அவ்வளவு கூட்டத்துக்கு நான் படித்ததே இல்லை. மைக்கை என் வாய்க்கு நேராக இழுத்து வைத்துக்கொண்டேன்.

படிப்பைப் பற்றி நான் ஆரம்பத்தில் சொன்னது பெருமைக்காக இல்லை, ஐயா. நேற்று வந்திருந்த யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். நான் பத்திரிகையைப் பிரிக்கக்கூட இல்லை, அத்தனை பேரும் அழ ஆரம்பித்துவிட்டார்கள். என் படிப்பு அப்படி.